பெட்டி பதில் சொன்ன இடம்

அன்புள்ள செலின் மோளே,

மஸ்கட்டில் நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு அப்பச்சன் எழுதுவது. எனக்கும் உன்னைப் பெற்ற அம்மச்சிக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, என் மனசுக்குத்தான் சுகமில்லை. போனில் பேசினால் அம்மச்சி ஒட்டுக்கேட்பாள், அதனால்தான் கடிதம். கொச்சியிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் நாலைந்து பேர் வந்து நம் படகை வாடகைக்கு எடுத்தார்கள். கடலுக்கடியில் ஒரு பெட்டி கூவுமாம், தூரத்தில் இன்னொரு பெட்டி அதைக் கேட்டுப் பதில் சொல்லுமாம், ஆழமில்லாத தண்ணீரில் சத்தம் மேலும் கீழும் மோதிக் குழம்புமாம், அதைச் சோதிக்கத்தான் நம் கரைக்கு வந்தார்களாம். நான் நம்பவில்லை. நம் கடலில் இவர்கள் யார் பேச்சைக் கேட்கிறார்களோ. மீன்பிடித் தடைக்காலத்தில் படகு சும்மா கிடக்கிறதே என்று சம்மதித்தேன்.

செவ்வாய்க்கிழமை பார்த்தால் கடலடியில் வைத்த பெட்டியைக் காணவில்லை. அவர்களின் தலைவி லேகா மேடம் என் முகத்தையே பார்த்து, சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலைன்னா போலீஸ்ல சொல்ல வேண்டியதுதான் சேட்டா என்றாள். அங்கே கடைசியாக நின்றது நம் படகு. கள்ளன் என்று பேர் வாங்கிக்கொண்டு நான் எந்த முகத்தோடு பள்ளிக்குப் பூசை காணப் போவேன் மோளே? எனக்கு நம் கரையில் வள்ளம் வைத்திருக்கும் லாசர் மேல்தான் சந்தேகம். அவன் வள்ளம் அந்தப் பக்கம் சுற்றியதைக் கண்டேன், கரையில் எல்லார் முன்னாலும் அதைச் சொல்லியும் விட்டேன்.

மத்தியானம் மேடம் மற்றப் பெட்டியைத் தண்ணீரில் இறக்கி, தொலைந்ததைக் கூப்பிட்டாள். அது பதில் சொன்னது. எங்கிருந்து என்கிறாய், நம் படகுக்கு அடியிலிருந்து. பெட்டியின் கயிறு சுக்கானில் மாட்டிக் கூடவே வந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஒளிச்சு வச்ச இடம் நல்லாத்தான் இருக்கு என்று ஒருவன் சிரித்தான். மேடம் போலீசுக்குப் பேசப் போனை எடுத்தாள். அப்போது லாசர்தான் முன்னால் வந்து, கயிறு மாட்டறது எல்லாப் படகுக்கும் உள்ளதுதான் மேடம், இந்த ஆளுக்கு வாய்தான் மோசம், கை சுத்தம், அதுக்கு நான் பொறுப்பு என்றான். அவள் போனை வைத்துவிட்டாள்.

நான் கள்ளன் என்று சொன்ன ஆள் எனக்காக எதற்குப் பேச வேண்டும்? நம்மிடம் அவனுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டும். சாயங்காலம் அவன் பெண்டாட்டி திரேசா மீன்கறி கொண்டுவந்தாள், அம்மச்சியும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். என்னடி சங்கதி என்று அம்மச்சியைக் கேட்டால், உங்க மகளைக் கேளுங்க என்கிறாள். லாசரின் மகன் நெவினுக்கும் மஸ்கட்டில்தான் வேலை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. பூசைக்கு யாரோடு போகிறாய் என்பதையும் மறைக்காமல் எழுது. அதைப் பார்த்த பிறகுதான் லாசரிடம் நான் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

உன் அப்பச்சன்
அவுசேப்பு