சட்டைக்கு மூடி

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பளவில் இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. நீயும் நன்றாகத்தான் இருப்பாய், நீ வசனம் எழுதிய படம்தான் போகிற இடமெல்லாம் ஓடுகிறதே. போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் ஏதாவது சமாதானம் சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி.

படம் எப்படி, பார்க்கிற மாதிரி இருக்கிறதா என்று ஓயாமல் கேட்கிறாய். சொல்கிறேன். அக்கா லீவு போட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனாள். அப்பா தானே தைத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பக்கத்து சீட்காரரிடம் என் மகன் எழுதினது என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். போஸ்டரில் நிற்க இடமில்லாத அளவுக்கு நடிகர்கள், ஒருவர் வழுக்கி விழுந்து எழுவதற்குள் அடுத்தவர் விழுகிறார். கதை என்று ஒன்று இருந்திருந்தால் இவர்கள் காலில் மிதிபட்டே செத்திருக்கும். ஆனாலும் பொய் சொல்லக்கூடாது, எல்லோரும் லிஃப்டில் மாட்டிக்கொள்கிற இடத்தில் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அப்புறம் அந்தத் தையல்காரன் வந்தான். கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டி, ப, ப, ப என்று திக்கிவிட்டு, சட்டைக்கு மூடி வைக்கட்டுமா என்று கேட்டான். தியேட்டரே கைதட்டியது. ஏண்டா, எங்கிருந்து எடுத்தாய் அந்த வார்த்தையை? ப-வில் ஆரம்பித்தால் அப்பாவுக்கு நாக்கு எழும்பாது, அதனால் பட்டனை மூடி என்பார். அவருக்கு உறுத்தக்கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே நானும் மூடி என்றேன், நீங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டே வளர்ந்தீர்கள். இந்த வீட்டுக்குள் வேறு வார்த்தையே கிடையாது. ஸ்கூலில் மூடி அறுந்துவிட்டது என்று நீ சொன்னதற்கு ஒருவன் சிரித்தான் என்று அவன் மூக்கை உடைத்துவிட்டு வந்து நின்றாயே, அந்த ரோஷமெல்லாம் எங்கே போயிற்று? ஊரைச் சிரிக்க வைக்க உனக்கு வேறு சரக்கே இல்லையா, பெற்றவர் நாக்குதான் கிடைத்ததா?

அப்பா படம் முடியும்வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, நல்லாத்தான் எழுதியிருக்கான், அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாதே என்றார். அவர் அப்படிச் சொன்னதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். இப்போது கடைக்கு வருகிறவர்களெல்லாம் கன்னத்தை உப்பிக் காட்டுகிறார்கள். வருஷக்கணக்காகத் துணி கொடுக்கிற மருந்துக்கடைக்காரர்கூட, என்ன மாஸ்டர், மூடி வைக்கட்டுமா என்கிறார். அப்பா சிரித்துக்கொண்டே அளவெடுக்கிறார், வாயைத் திறப்பதில்லை. மூடி டப்பாவை நீட்டி, எது வேண்டும் என்று விரலால்தான் கேட்கிறார்.

நேற்று மதியம் சாப்பாடு கொண்டுபோனேன். கடையில் யாரும் இல்லை. தைத்த துணியைப் போட்டுப் பார்க்கிற கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, ப, ப என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. இத்தனை வயதுக்கு மேல் அந்த ஒரு வார்த்தையைப் பழகுகிறார். நான் சத்தமில்லாமல் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து இருமிக்கொண்டே உள்ளே போனேன்.

படம் பார்க்கலாமா என்று மற்றவர்கள் கேட்டால் தாராளமாகப் போங்கள் என்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எங்களால் பார்க்க முடிகிற படம் இல்லை அது. போனில் மன்னிப்பு எதுவும் கேட்காதே, அவர் பரவாயில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும், அதுவும் ப-தான். லீவு சொல்லிவிட்டு நேரில் வா. வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுதாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றமில்லை.

ஒன்று மட்டும் மறக்காதே. வரும்போது உன் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போ, ஆட்கள் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போ. அப்பா, மூடி அறுந்துபோச்சு, வச்சுக் குடுங்க என்று எல்லோர் காதிலும் விழும்படி கேள். சிரிக்காமல் கேள்.

உன் அம்மா