ஒரு சாண் மண்ணுக்குப் பத்துமணிச் செடி

என் பிரியமுள்ள லீலா,

உன் அடக்கத்துக்கு நான் வரவில்லை. அடுத்த தெருவில் இருந்துகொண்டே வரவில்லை. அன்று இவரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. சன்னல் வழியாகப் பாட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. கோபப்பட்டிருப்பாயா நீ?

இவர் பக்கவாதத்தில் படுத்து மூன்றாவது வருடம் நடக்கிறது. காலை பத்து மணிக்கு நர்ஸ் பிள்ளை வந்து குளிப்பாட்டி, துணி மாற்றிவிடுவாள். அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்கு. மற்ற நேரமெல்லாம் நான் கண்ணில் படாவிட்டால் கூப்பிடத் தொடங்கிவிடுவார். பாவம்தான். ஆனாலும் எனக்கு மூச்சு முட்டுகிறது லீலா. இதை உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

கிடைக்கும் நேரத்தில் நான் போவது முற்றத்துப் பூப்பாத்திக்கு. அதன் ஓரத்தில் என்ன வைப்பது என்று நாம் சண்டை போட்டோமே, நினைவிருக்கிறதா? "ஏட்டி, பத்துமணி வையி. தாழக் கெடக்கும், பொறத்த நிக்க ரோசாவ மறைக்காது" என்றாய். நான் கேட்டேனா? தண்ணீர்கூட ஊற்ற வேண்டாமே என்று, மஞ்சள் பூப் பூக்கும் அந்தப் படர்கொடியை வைத்தேன். இரண்டு மழைக்காலத்தில் அது ரோஜாவை மூடி, நடைபாதையை மூடி, வாசற்படிக்கு வந்துவிட்டது. "பாம்பு கெடக்கும் ஆன்ட்டி, நான் உள்ள வரமாட்டேன்" என்று நர்ஸ் பிள்ளை கேட்டிலேயே நின்றுவிட்டாள்.

அதை மகனிடம் சொன்னது அடுத்த பிழை. துபாயிலிருந்து வீடியோ காலில், "அம்மா, முற்றம் முழுக்க இன்டர்லாக் கல்லு போட்டிருவோம். ஒனக்கும் ஒரு வேல கொறையும்" என்றான். எனக்குப் பிடித்ததாக இருந்ததே அந்த ஒரு வேலைதான் என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? கொடியோடு ரோஜாவையும் சேர்த்துச் சுரண்டி எடுத்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கல் பதிக்க வந்த மேஸ்திரிதான் இரங்கினார். "மதில் ஓரமா ஒரு சாண் விட்டுத் தாறேன்மா. எதாம் வச்சுக்கிடுங்க."

ஒரு சாண் மண். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கல், இரண்டும் வெயிலில் கொதிக்கும். அங்கே எது பிழைக்கும்? கடைசியில், வெயில் ஏறினால்தான் பூ விரிக்கிற, நீ சொன்ன பத்துமணிக்கே வந்து சேர்ந்தேன்.

கேட்டு வாங்கிய கம்பு வேர் பிடிக்காது, களவாண்டு வைத்தால்தான் பிடிக்கும் என்று சொல்லிச் சொல்லி என் வீட்டுச் செடியையெல்லாம் ஒடித்துக்கொண்டு போனவள் நீ. நானும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விடுவேன்.

நேற்று நர்ஸ் பிள்ளை வந்ததும், கட்டியிருந்த சேலையோடு கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். உன்னைச் சுற்றி உன் மகள் பத்துமணிதான் வைத்திருக்கிறாள். எல்லாம் விரிந்து கிடந்தன. நின்று அழ நேரமில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நாலு தண்டு கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டேன். திரும்பி வரும்போது இவர் கூப்பிடுவது தெருவரைக்கும் கேட்டது.

நட்டுவிட்டேன் லீலா. ஒன்று வாடிவிட்டது, மற்ற மூன்றும் நிற்கின்றன. உன்னைக் கொண்டுபோன அன்று வராதவள், இனி மாதத்துக்கு ஒரு தடவையாவது வருவேன், களவாணியாக. நான் செய்தது போல நீயும் பார்க்காத மாதிரி இருந்துகொள்.

கூடப் பிறக்காமலே உனக்கு உடன்பிறப்பான,
கிறேஸ்