மருந்து வண்டிக்கு இரண்டு பேர்

சிங்கப்பூர்
16.9.1964

அன்புள்ள பதுருன்னிசாவுக்கு,

லீலா எழுதுவது. நலம் என்று தொடங்கக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம்தான் விட்டபாடில்லை. மலாக்காவில் வீட்டுக்கு வரும் தபாலை எல்லாம் உன் மாமாதான் முதலில் பிரிப்பார் என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். ஆகவே மாமாவுக்கும் என் வணக்கம். உன் அண்ணன் ஜமாலின் கை எப்படி இருக்கிறது? கேலாங்கில் அவரை அடித்தவர்கள் சீனர்கள் என்று நான் வார்டில் மூச்சு விடவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

சீனர், மலாய்க்காரர் கலவரத்துக்காகப் போட்ட ஊரடங்கை இங்கே எடுத்துவிட்டார்கள். சிராங்கூன் ரோட்டில் பாதிக் கதவைத் திறந்து வைத்து வியாபாரம் நடக்கிறது. பஸ்ஸில் ஒருவர் ஏறினால், எந்த இனம் என்று அத்தனை பேரும் முகத்தைப் பார்க்கிறார்கள். அப்பா ஃபேரர் பார்க்கிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு தினமும் நம் விடுதி வாசலுக்கு வந்துவிடுகிறார். ‘படிப்பு கெடக்குது, நீ உசுரோட வீட்டுக்கு வாம்மா’ என்று வாட்ச்மேன் முன்னாலேயே அழுகிறார். எனக்கு ஒரு பக்கம் வெட்கம். இன்னொரு பக்கம், பின்னாலேயே ஏறி உட்கார்ந்து போய்விடலாமா என்றும் இருக்கிறது.

வார்டில் நோயாளிகள் தாங்களாகவே கட்டில் மாறிக்கொண்டார்கள். மலாய்க்காரர்கள் ஜன்னல் பக்கம், சீனர்கள் வாசல் பக்கம், நம் தமிழர்கள் நடுவில். எழுந்து உட்காரவே முனகுகிறவர்கள்கூட இதற்கு மட்டும் நடந்தார்கள். மருந்தில் விஷம் கலக்கிறார்கள் என்று யாரோ கதை கட்டிவிட, நம் வகுப்புச் சியூ லான் மாத்திரை கொடுத்தால் மலாய்க்காரர்கள் வாயைத் திறப்பதில்லை. மலாய் நர்ஸ்கள் தண்ணீர் கொடுத்தால் சீனக் கிழவர்கள் தொடுவதில்லை. கடைசியில் ஸ்டாஃப் நர்ஸ், லீலா எதிலும் சேராதவள், அவளே எல்லோருக்கும் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நானும் பெரிய மனுஷி ஆகிவிட்டதாக நினைத்து வண்டியைத் தனியே தள்ளிக்கொண்டு திரிந்தேன்.

ஒருத்தி மருந்துச் சீட்டைப் படிக்க, மற்றவள் ஆளைப் பார்த்துப் பெயர் கேட்க வேண்டும். முதல் வருடத்திலேயே நம் மண்டையில் ஏற்றிய பாடம் அது. சியூ லான் பக்கத்தில் வந்தாலே வாய்கள் மூடிக்கொள்கின்றன என்று அவளை வாசலிலேயே நிற்கச் சொன்னேன்.

போன சனிக்கிழமை, நிமோனியாக்காரருக்குப் பென்சிலின் ஊசி. அவருடைய பழைய கட்டில் ஜன்னலோரம். அவர் வாசல் பக்கம் மாறிவிட்டதை மறந்து, பழக்கத்தில் நேரே அங்கே போனேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இப்போது எல்லோரும் அப்படித்தான் படுக்கிறார்கள். கையைப் பிடித்து ஊசியைக் கொண்டுபோகும்போது சியூ லான் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த கட்டுப்போட்ட காலை அவள் பார்த்துவிட்டாள். படுத்திருந்தது கால்புண்ணுக்காகச் சேர்ந்த நம் மலாய்ப் பெரியவர் பாக் ஹாசன். பென்சிலின் அவருக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். போன தடவை மூச்சடைத்துப் போனவரை நீயும் சியூ லானும் சேர்ந்துதானே பிழைக்க வைத்தீர்கள்.

அவர் திரும்பிப் பார்த்தபோது கண்ணில் பட்டது ஊசியும் ஒரு சீனப் பெண்ணும். என்னைக் கொல்ல வருகிறாள் என்று அலறினார். வார்டே எழுந்துவிட்டது. தவறு என்னுடையது, இவள்தான் உங்களைக் காப்பாற்றினாள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். சிஸ்டர் டியூட்டரிடமும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, இனி இரண்டு பேர் இல்லாமல் வண்டி நகரக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஆனால் பாக் ஹாசன் நம்பவில்லை. நான் அவளுக்காகப் பொய் சொல்கிறேனாம்.

வருகிற திங்கட்கிழமை அவருடைய மகன்கள் வந்து அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். புண் அழுகும் காலோடு போனால் காலே போய்விடும். அதைவிடப் பெரிய பயம், அவர்கள் வீடும் கேலாங்கில்தான். சீன நர்ஸ் ஊசி போட்டுக் கொல்லப் பார்த்தாள் என்ற பேச்சு அந்தச் சந்துகளுக்குள் போனால் என்ன ஆகும்? இன்னும் எத்தனை ஜமால்களின் கை உடையுமோ. சியூ லான் இரவில் எந்தத் தெருவழியே வீட்டுக்குப் போவாளோ.

பதுரு, நேற்று பாக் ஹாசன் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு மகள் மாதிரி இருக்கிற பதுரு வந்து சொல்லட்டும், நம்புகிறேன் என்றார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். எல்லாம் அமைதியாகிவிட்டது, தைரியமாக வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்தப் பொய்யை நம்பி நீ வர வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கும் இருக்கும்.

உன் நர்ஸ் தொப்பிக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு உன் அலமாரியில் வைத்திருக்கிறாள் சியூ லான். நீ ஊருக்குக் கிளம்பும்போது அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாய். ‘பதுரு மாரா சாமா சாயா கா?’ என்று என்னைக் கேட்டாள். உனக்கு அவள் மேல் கோபமா என்று நான் எப்படிச் சொல்வது? சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஜமால் அண்ணனின் கை சீக்கிரம் கூடட்டும். அல்லாஹ் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

மாமா, இதுவரை படித்திருப்பீர்கள். இப்படிப்பட்ட ஊருக்கு உங்கள் வீட்டுப் பெண்ணை அனுப்பச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? என் அப்பாவாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பார். நீங்கள் கிழிக்காதீர்கள் மாமா. வருவதும் வராததும் அவள் சொல்லட்டும். இதை அவள் கையில் மட்டும் கொடுத்துவிடுங்கள்.

மருந்து வண்டியோடு காத்திருக்கும்
லீலா