இருமிய ஆள்காட்டி

ஓசூர்
19-1-1956, இரவு

வணங்கத்தக்க அப்பாவுக்கு, விடுதியிலிருந்து மகள் ரங்கம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பனிக்குப் பிடித்த இருமல்தான். அம்மா கொடுத்தனுப்பிய எள்ளுருண்டை வந்த அன்றே தீர்ந்துவிட்டது. நஞ்சம்மாவும் பவுலினாவும் பங்குக்கு வந்துவிட்டார்கள்.

எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் சிம்னி விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். வார்டன் சரோஜம்மாள் விழித்துக்கொண்டால் அடிதான். ஆனால் உங்களுக்கு மரம் வெட்டும் கூப்பில் வேலை தரும் காண்டிராக்டர் நாராயணப்பன் நம் ஜவளகிரிக்கு வந்து சொல்வதற்குள், நடந்ததை நானே உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். காலை பஸ்ஸில் வரும் கங்கப்பன் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

படுத்த பிறகு எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. இருட்டில் ஒருத்தி தன் ஊர்ப் பறவையைப் போலக் கத்த வேண்டும். அது இன்னதென்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். நாட்றாம்பாளையத்து நஞ்சம்மா ஆற்றங்கரை மீன்கொத்தியாகிவிடுவாள். சிங்காரப்பேட்டை பவுலினாவின் தொண்டைக்குள் கிணற்றுமேட்டுத் தூக்கணாங்குருவிக் கூட்டமே இருக்கிறது. நான் நம் காட்டு மரங்கொத்தி, காட்டுக்கோழி, கொல்லைக் கௌதாரி என்று அடுக்குவேன். எவள் ஊரில் பறவைகள் அதிகம் என்று சண்டை வந்துவிடும். "உங்க காட்டுல இருக்கிறதெல்லாம் ஒரே மாதிரி கத்துதேடி" என்பாள் நஞ்சம்மா.

ஏரி மட்டும் எல்லோருக்கும் பொது. விடுதிக்குப் பின்னாலேயே கரை. மார்கழியில் வடக்கேயிருந்து சிறவி வாத்துகள் வந்து தண்ணீர் தெரியாமல் இறங்கும். நாமக்கோழி, நாரை, முக்குளிப்பான் எல்லாம் உண்டு. ஊர்ப் பெண்களிடம் அதை எங்கள் ஏரி என்றே பெருமையடிப்போம்.

நேற்று மாலை காண்டிராக்டர் பெங்களூர் விருந்தாளிகளோடு ஜீப்பில் வந்து அங்கே பறவைகளைச் சுட்டார். கோணிப்பையில் அள்ளிக்கொண்டு போனது போக, சிறகொடிந்தவை கோரைக்குள் கிடந்து கத்திக்கொண்டே இருந்தன. நேற்றிரவு யாரும் விளையாடவில்லை. விடிந்ததும் மறுபடி வருவார்கள் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார்.

ஆகவே இன்று விடியுமுன் கரைமேட்டுப் புதருக்குள் போய் உட்கார்ந்தேன். அவர்கள் குனிந்து வந்து துப்பாக்கியை நீட்டியபோது ஆள்காட்டிக் குருவியாகக் கத்தினேன். ஆளைக் கண்டதும் முதலில் கத்துவது அதுதானே. நீங்கள் வலை விரித்துக் காத்திருக்கும்போது அது கத்தி எல்லாவற்றையும் கிளப்பிவிட்டதென்று எத்தனை முறை திட்டியிருக்கிறீர்கள். எதிர்க்கரையிலிருந்து நிஜ ஆள்காட்டி ஒன்று எனக்குப் பதில் சொன்னது. அப்பா, ஏரியே எழுந்து போயிற்று. சிறகுச் சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. அவர்களால் ஒன்றைக்கூடச் சுட முடியவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சந்தோஷத்தில் இன்னொரு தரம் கத்தப்போய் நடுவில் இருமல் வந்துவிட்டது. "என்னாய்யா, உங்க ஓசூர் பனியில ஆள்காட்டிகூட இருமுது" என்றார் ஒரு விருந்தாளி. எல்லோரும் சிரித்தார்கள். காண்டிராக்டர் சிரிக்கவில்லை. படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்த நஞ்சம்மாவைப் பிடித்துக்கொண்டார். நான் புதருக்குள் போனதை அவள் பார்த்திருந்தாள். ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "எனக்கு மீன்கொத்திதாங்க வரும்" என்று கத்தியே காட்டினாள். அதனால் சந்தேகம் இன்னும் கூடிப்போயிற்று.

விடுதிக்கு ராகி தருகிறவர் காண்டிராக்டர்தான். நாளைக் காலைப் பிரேயரில் உண்மை வராவிட்டால் நஞ்சம்மாவை ஊருக்கு அனுப்பிவிட வேண்டுமென்று வார்டனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அனுப்பினால் அவளுக்கு வைகாசியில் கல்யாணம். அவள் அழாமல் தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நாளை பிரேயரில் நான் எழுந்து நின்று சொல்லிவிடப் போகிறேன். படிப்பு போய்விடும் என்ற பயம் இருக்கிறது. அதைவிட, என்னால் உங்கள் வேலை போய்விடுமோ என்ற பயம் பெரிது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் குரல் கொடுத்துக் கௌதாரி வராத நாளில்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் போகச் சொல்லிக் குரல் கொடுத்தேன். என்னையும் நம்பிப் போயின. இன்று மாலை எல்லாம் திரும்பி வந்து இறங்கிவிட்டன. பவுலினா என்னை ஜன்னலுக்கு இழுத்துப்போய்க் காட்டினாள்.

காண்டிராக்டர் வந்து கோபித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கூட்டிப்போகச் சொன்னால் வாருங்கள், பெட்டியோடு நிற்கிறேன். "சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிட்டா" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள் அப்பா. தெரிந்துதான் செய்தேன்.

உங்கள் பாதம் தொட்டு,
மகள் ரங்கம்மா