ஆறரை மணி பஸ்

புதன், இரவு

டாக்டர் சொன்னபடி ஐந்தாவது நாளாக நடைக் குழுவோடு போனேன். எங்கள் பிளாக் பெண்கள் ஏழு பேர். என் வீட்டுக்காரர் இறந்தபின் வாசலைத் தாண்டாத என்னை இழுத்துக்கொண்டு போவது பக்கத்து குவார்ட்டர்ஸ் மேரிதான்.

காலை ஆறரைக்கு, நைட் ஷிப்ட் முடித்தவர்களைக் கொண்டுவரும் கம்பெனி பஸ் வந்து நின்றது. இறங்குவதற்கு முன் அவர் ஜன்னல் வழியே சாப்பாட்டு கேரியரை என்னிடம் நீட்டுவார். பதினெட்டு வருஷப் பழக்கம். இன்று அதே ஜன்னலுக்குக் கீழே போய்க் கையை நீட்டிவிட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் யாரோ. என்ன செய்வதென்று தெரியாமல் தன் கேரியரை மடியோடு அணைத்துக்கொண்டார். பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேரி வந்து என் கையைப் பிடித்து இறக்கினாள். “நாளையிலேர்ந்து பஸ் வராத ரோட்டுல பேசிக்கினே போலாம்க்கா. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

நல்ல மனசுக்காரி. அவளைத் திட்டவும் வழியில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். போகாவிட்டால் நாள் முழுக்க இந்த நாலு சுவர். போனால் அந்த வெறும் ரோடு. நாலு பேரோடு நடந்தால் மனசு தேறும் என்கிறார்கள். நான் நடக்கப் போனதே அந்த பஸ்ஸைப் பார்க்கத்தான் என்று எந்த வாயால் சொல்வேன்?