காலவரிசையில் ஒரு சுற்றுலா

அன்புத் தங்கைக்கு,

நம் சுற்றுலாவுக்குத் திட்டம் போட்டுவிட்டேன். முதலில் பழைய குகை, பிறகு கோட்டை, அதன்பின் அரண்மனை, கடைசியில் பூங்காக்கள் என்று காலவரிசைப்படி எழுதி டிரைவரிடம் காட்டினேன்.

"டீச்சரம்மா, குகை வடக்க, கோட்டை தெக்க, அரண்மனை மறுபடி வடக்க! வண்டி என்ன பாடப்புத்தகமா, பக்கம் பக்கமாப் புரட்ட?" என்று சிரித்தார். இத்தனை வருடம் வரலாறு நடத்தியவளுக்கு வழி தெரியவில்லை, பார்!

இப்போது வழிப்படி மாற்றிவிட்டோம். அரண்மனையில் படிகள் அதிகம். உன் முழங்காலை நினைத்து, அதற்குப் பதில் ஏரிக்கரைப் பூங்காவைச் சேர்த்திருக்கிறேன்.

"அவர் இல்லாம நான் எங்க வர்றது, அக்கா?" என்று போனில் கேட்டாய். உன் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து நீ வாசலைத் தாண்டவில்லை என்று உன் மகளும் சொன்னாள். ஓர் உதாரணம் சொல்கிறேன். பள்ளிச் சுற்றுலாவில் அழுகிற பிள்ளையிடம் நான் அழாதே என்று சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலில் வேடிக்கை பார்ப்பேன். அழுதுகொண்டேகூட ஊர் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியோடு வருகிறேன். எப்போதும் அவர் உட்காரும் முன் இருக்கையில் இந்த முறை நீ உட்கார். காலியாக விட்டால், வழியெல்லாம் நாம் இருவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு போவோம்.

உன் அக்கா