பட்டியலில் ஒரு வயது

அன்புள்ள ஸ்ரீமதி அப்பாவுக்கு,

போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. தனியாக இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் எங்கள் கோர்ட்டில் ஒரு பட்டியலைத் தட்டச்சு செய்யக் கொடுத்தார்கள். குழந்தைகளிடம் தவறாக நடந்து தண்டனை பெற்றவர்களின் பெயரும் வயதும். எல்லாரும் வாலிபர்களாக இருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இருபத்திரண்டும் இருந்தது, நாற்பதும் இருந்தது. அறுபத்தெட்டு என்று அடித்தபோது விரல் நின்றுவிட்டது. உங்கள் அப்பாவுக்கும் அதே வயது.

ஒரு மாதமாகவே நம் பிள்ளை மாடிக்கு அவருக்குக் காபி கொண்டுபோக மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள். சோம்பேறித்தனம் என்று நானே திட்டித் திட்டி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். எல்லாம் சொன்னாள். பிறகு, "தாத்தாவப் போலீஸ் பிடிச்சுட்டுப் போனா அப்பா என்னய வைவாகளாம்மா?" என்றாள்.

இப்போது சின்னாளபட்டியில் அக்கா வீட்டில் இருக்கிறோம். இது உங்களுக்குக் கிடைக்கும்போது மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருப்பேன். "வயசான மனுசன், விட்ரு" என்று நீங்களும் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்துதான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

என்னிடம் அப்புறம் பேசலாம். முதலில் அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். போன் அடித்தாலே நீங்களோ என்று கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி